ஒரே பெயர், பல ஆசிரியர்: வன்னி நூல்களை யார் கணக்கில் எழுதுவது?

முள்ளியவளையைச் சேர்ந்த உயர்தர வகுப்பு மாணவி ஒருவர் எமக்கு எழுதிய கடிதத்தில் ஒரு சிறு சந்தேகத்தைக் கேட்டிருந்தார். பாடசாலை ஒப்படை ஒன்றிற்காகத் தம் ஊர் எழுத்தாளர் ஒருவரைப் பற்றிய தகவல்களைத் திரட்ட முற்பட்ட அவர், 'சுப்பிரமணியம்' என்ற பெயரை இட்டுத் தேடியிருக்கிறார். பண்டாரவன்னியனைப் பற்றிய நாடகம் ஒன்று, சில நாவல்கள், ஈழத்து நாவல்களின் வரலாறு, இந்தியத் தத்துவம் பற்றிய நூல், சங்ககால ஆட்சிமுறை பற்றிய ஆராய்ச்சி, சென்னையில் வெளிவந்த இலக்கிய விமர்சனங்கள் என்று ஒரு நீண்ட பட்டியல் அவர் முன் விரிந்திருக்கிறது. "இவ்வளவையும் எழுதியவர் ஒருவர்தானா? அப்படியாயின் அவர் எங்கள் ஊரவரா?" என்பதே அவருடைய கேள்வி.

ஒருவர் அல்லர், குறைந்தது நால்வர். அவர்களுள் இருவர் அந்த மாணவியின் ஊரவரே. கேள்வி சிறியதாகத் தோன்றினாலும், அதற்குப் பின்னால் உள்ள விடயம் சிறியதன்று என்பதால் அதனை இங்கு சற்று விரிவாகப் பார்ப்பது பயனுடையது என்று கருதுகின்றோம்.

முதலாமவர் 'முல்லைமணி' என்ற புனைபெயரால் வன்னியெங்கும் அறியப்பட்ட வே. சுப்பிரமணியம். 'பண்டாரவன்னியன்' நாடகத்தின் ஆசிரியர் அவரே. 'மல்லிகைவனம்', 'வன்னியர் திலகம்', 'கமுகஞ்சோலை' ஆகிய நாவல்களும் அவருடையவை. 'வன்னியியற் சிந்தனை' என்ற கட்டுரை நூலின் வாயிலாக, வன்னியின் வரலாறும் வழக்காறுகளும் தனித்த ஆய்வுக்குரியவை என்பதை வலியுறுத்தியவரும் அவரே. யாழ்ப்பாணத்தின் நிழலில் வைத்தே வன்னியைப் பார்க்கும் பழக்கம் மேலோங்கியிருந்த காலத்தில், வன்னிக்கென ஓர் இயல் உண்டு என்று ஒரு நூலின் தலைப்பிலேயே எழுதியமை எமது கணிப்பில் சாதாரண காரியமன்று.

இரண்டாமவர் கலாநிதி நா. சுப்பிரமணியன். இவரும் முள்ளியவளையில் பிறந்தவரே. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்துப் பின்னர் கனடாவில் குடியேறியவர். 1978 இல் வெளிவந்த இவரது 'ஈழத்துத் தமிழ் நாவல் இலக்கியம்' அத்துறையில் இன்றும் முதலில் எடுத்துப் பார்க்கப்படும் நூல்களுள் ஒன்று. தம் துணைவியார் கௌசல்யாவுடன் இணைந்து இவர் எழுதிய நூல்தான் மாணவி கண்ட 'இந்தியச் சிந்தனை மரபு'. ஒருவர் நாவல் எழுதினார். மற்றவர் நாவலின் வரலாற்றை எழுதினார். இருவரும் ஒரே ஊரவர், ஒரே பெயரினர். பட்டியலைத் தயாரிப்பவர் வெளியூரவராயின் இருவரையும் ஒருவராக்கிவிடுவதில் வியப்பென்ன இருக்கிறது?

ஏனைய இருவரும் தமிழகத்தவர். 'சங்ககால வாழ்வியல்' எழுதிய வரலாற்றாசிரியர் ந. சுப்பிரமண்யன் ஒருவர். 1946 இல் 'பொய்த்தேவு' நாவலை வெளியிட்டு, 1986 இல் இந்திய சாகித்திய அகாதெமி விருது பெற்ற விமர்சகர் க.நா. சுப்ரமண்யம் மற்றவர், க.நா.சு. என்றால் இலக்கிய வாசகர் அனைவருக்கும் தெரியும். முள்ளியவளையாரின் 'நா.'வுக்கும் தமிழக வரலாற்றாசிரியரின் 'ந.'வுக்கும் இடையிலுள்ள வேறுபாடு ஒரு கால் மட்டுமே என்பதை வாசகர் கவனிக்க வேண்டும். அச்சுக்கோப்பவர் அந்தக் காலைத் தவறவிட்டால் முல்லைத்தீவில் பிறந்தவர் சங்ககால வரலாற்றாசிரியர் ஆகிவிடுகிறார். தமிழில் ஒரு காலாவது எஞ்சியிருக்கிறது. ஆங்கில எழுத்தில் அதுவும் இல்லை. 'ந', 'நா' இரண்டும் 'என்' என்ற ஒரே எழுத்தாகிவிட, வெளிநாட்டு நூலகமொன்றில் இருவரும் ஒரே 'என். சுப்பிரமணியன்' ஆகிவிடுவர். முல்லைமணியோ 'வி. சுப்பிரமணியம்' ஆகி, தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர் வ.அய். சுப்பிரமணியத்துடன் அருகருகே நிற்க நேரிடும்.

இந்தக் குழப்பத்தின் வேர் எமது பெயரிடும் முறையில் இருக்கின்றது. மேனாட்டாருக்குக் குடும்பப் பெயர் உண்டு. அது தலைமுறை தலைமுறையாகத் தொடரும். அவர்களுடைய நூலக விதிகள் அந்தக் குடும்பப் பெயரை முன்னே இட்டு, சொந்தப் பெயரைப் பின்னே இடுகின்றன. தமிழருக்குப் பெரும்பாலும் உள்ளது தம் சொந்தப் பெயரும் தந்தையின் பெயரும் மட்டுமே. தந்தையின் பெயர் முதலெழுத்தாகச் சுருங்கிவிடுகிறது. சொந்தப் பெயரையோ தெய்வங்களின் பெயர்களிலிருந்தே பெரிதும் எடுத்துக்கொள்கின்றோம். முருகனுக்கு எத்தனை கோயில்களோ அத்தனை சுப்பிரமணியங்கள். நூலகவியலின் தந்தை எனப் போற்றப்படும் சீயாழி இராமாமிர்த இரங்கநாதன் (1892–1972) இந்தியப் பெயர்களின் இந்தச் சிக்கலை விரிவாக ஆராய்ந்தார். அவருடைய பெயரே அதற்கு நல்ல உதாரணம்: சீயாழி என்பது ஊர், இராமாமிர்தம் தந்தை, இரங்கநாதன் மட்டுமே அவர். மேனாட்டு விதியைக் கண்மூடிப் பின்பற்றுபவர் அவருடைய ஊரையோ தந்தையையோ நூலாசிரியராக்கிவிடக் கூடும்.

முன்னோர் இதனை அறியாதவர்கள் அல்லர். சங்கப் பாடல்களில் ஒரு நக்கீரர். பதினோராந் திருமுறையில் நக்கீரதேவ நாயனார். சங்கத்தில் ஒரு கபிலர். பிற்காலத்தில் கபிலதேவ நாயனார். ஔவையார் எத்தனை பேர் என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. அதியமானைப் பாடியவரும் ஆத்திசூடி பாடியவரும் ஒருவராக இருக்க முடியாது என்பதில் மட்டும் அறிஞர்களிடையே பெரும்பாலும் உடன்பாடு உண்டு. சைமன் காசிச்செட்டி 1859 இல் தமிழ்ப் புலவர்களின் வரலாற்றை ஆங்கிலத்திலும், ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை 1886 இல் 'பாவலர் சரித்திர தீபகம்' என்ற நூலைத் தமிழிலும் வெளியிட்டபோது, ஒருபெயர்ப் புலவர்களைப் பிரித்தறிவதும் அவர்களின் வேலைகளுள் ஒன்றாயிற்று. ஈழத்துப் புலவர்கள் ஊரின் பெயரைத் தம் பெயருக்கு முன்னால் இட்டுக்கொண்டமையும் வெறும் ஊர்ப்பற்றினால் மட்டுமன்று. சுன்னாகம் குமாரசுவாமிப் புலவர் என்று சொன்னால், அவரை ஆனந்த குமாரசுவாமியுடன் எவரும் குழப்பிக்கொள்ள மாட்டார்கள்.

சென்ற நூற்றாண்டில் இந்தக் குழப்பத்தின் சுவையான உதாரணங்கள் சில எம்மிடையே உண்டு. மட்டுவிலைச் சேர்ந்த பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை (1899–1986) கந்தபுராண கலாசாரத்தை விளக்கிய மரபுவழி அறிஞர். திருநெல்வேலிச் சைவாசிரிய கலாசாலையில் கற்பித்தவர். அவருடைய சமகாலத்தவரான பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை (1903–1968), விபுலாநந்த அடிகளுக்குப் பின் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராக விளங்கியவர். பேச்சுத்தமிழில் நாடகங்கள் எழுதியவர். 'சங்கிலி' நாடகம், 'பூஞ்சோலை' நாவல், 'இலங்கைவாழ் தமிழர் வரலாறு' ஆகியவை இவருடையவை. மொழிநடையில் இருவரும் இருவேறு கரைகளில் நின்றவர்கள். பண்டிதமணியின் பெயரில் பேச்சுத்தமிழ் நாடகம் ஒன்று பதிவாகியிருப்பதைக் கண்டால் அவருடைய மாணாக்கர் என்ன சொல்லியிருப்பார்களோ, நாம் அறியோம்.

சிவஞானசுந்தரங்கள் இருவரின் கதை இன்னும் சுவையானது. ஒருவர் 'சிரித்திரன்' ஆசிரியர் சி. சிவஞானசுந்தரம் (1924–1996), கேலிச்சித்திரத்தாலும் 'மகுடி' பதில்களாலும் ஈழத்தைச் சிரிக்க வைத்தவர். மற்றவர் 'நந்தி' என்ற செ. சிவஞானசுந்தரம் (1928–2005), யாழ்ப்பாண மருத்துவ பீடத்தில் சமுதாய மருத்துவப் பேராசிரியர், மலையக மக்களின் வாழ்வை 'மலைக்கொழுந்து' நாவலில் வரைந்தவர், உடல்நலம் பற்றியும் எளிய தமிழில் எழுதியவர். பல ஆண்டுகளுக்கு முன்னர் எமது இலக்கியப் பக்கத்தில் இவர்களுள் ஒருவரின் நூலை மற்றவரின் கணக்கில் ஏற்றி அச்சிட்டுவிட்டோம். வவுனியாவிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தபாலட்டையில் இரண்டே வரிகள் எழுதியிருந்தார்: மருத்துவரைச் சித்திரம் வரைய வைத்தமைக்கு நன்றி, அடுத்த வாரம் சித்திரக்காரர் ஊசி போடுவாரா? அன்றிலிருந்து முதலெழுத்தை இருமுறை பார்க்கும் பழக்கம் எம்மிடம் வந்தது.

முஸ்லிம் எழுத்தாளர்களின் விடயத்தில் சிக்கல் வேறொரு வடிவம் கொள்கின்றது. 'அப்துல்' என்பது தனிப்பெயர் அன்று. 'அடியான்' என்று பொருள்படும் சொல். அதனைத் தொடர்ந்து வரும் இறைவனின் திருநாமத்துடன் சேர்ந்தால்தான் பெயர் நிறைவுறும். இதனை அறியாத நூலகர் 'அப்துல்' என்பதைச் சொந்தப் பெயராகவும் 'காதர்' என்பதைக் குடும்பப் பெயராகவும் வெட்டிப் பிரித்துப் பதிவு செய்யும்போது, பெயரின் பொருளும் சிதைகிறது. நூலைத் தேடுபவரும் வழி தவறுகிறார். கண்டிச் சீமையின் அருள்வாக்கி அப்துல் காதிர்ப் புலவர் (1866–1918) ஒருவர். 'இக்பால் இதயம்' எழுதிய காத்தான்குடிக் கவிஞர் அப்துல் காதர் லெப்பை மற்றொருவர். காதர், காதிர், காதிறு என்று எழுத்துக்கூட்டல் மாறும்போது இருவர் மூவராகிறார்கள், அல்லது மூவர் ஒருவராகிறார்கள்.

இவற்றுள் எமக்கு மிகவும் பயனுள்ள உதாரணமாகத் தோன்றுவது அப்துஸ் ஸமது என்ற பெயர்தான். அக்கரைப்பற்றைச் சேர்ந்த அ.ஸ. அப்துஸ் ஸமது கிழக்கிலங்கை முஸ்லிம்களின் வாழ்வைச் சிறுகதையிலும் நாவலிலும் தந்தவர். 'எனக்கு வயது பதின்மூன்று' அவருடைய சிறுகதைத் தொகுதி. தமிழகத்தின் ஆ.கா.அ. அப்துல் சமது (1926–1999) இந்திய யூனியன் முஸ்லிம் லீக் தலைவர், வேலூர்த் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர், 'மணிச்சுடர்' நாளிதழின் ஆசிரியர். அவருடைய தந்தையார் திருக்குர்ஆனைத் தமிழில் பெயர்த்த ஆ.கா. அப்துல் ஹமீது பாகவி. மகனின் முதலெழுத்துகளில் தந்தையின் முதலெழுத்துகளும் தந்தையின் பெயரும் ஒருங்கே அமர்ந்திருப்பதைக் காணலாம். அரபு இலக்கணப்படி 'அப்துஸ் ஸமது' என்று எழுதுபவரும், தமிழ் வழக்கில் 'அப்துல் சமது' என்று எழுதுபவரும் உளர். கணினிக்கு இவை இரண்டும் வெவ்வேறு பெயர்கள். மனிதர் ஒருவராயினும் இருவராகக் காட்டும். இருவராயினும் எழுத்துக்கூட்டல் ஒத்தால் ஒருவராகக் காட்டும். இதனை நன்கு உணர்ந்திருந்தவர் பேராசிரியர் ம.மு. உவைஸ். இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்தின் நூல்களையும் புலவர்களையும் தேடித் தொகுப்பதிலேயே தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்ட அவர், பீ.மு. அஜ்மல்கானுடன் இணைந்து 'இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாறு' தொகுதிகளைத் தந்திராவிட்டால், பல புலவர்களை நாம் இன்று பெயரளவிலும் அறிந்திருக்க மாட்டோம்.

இவையெல்லாம் நூலகர்களின் தலையிடி. எமக்கு என்ன என்று வாசகர் கேட்கலாம். நூல் கையிலிருக்கும் ஊரில் அப்படிக் கேட்பது நியாயமே. அட்டையைப் புரட்டினால் ஆசிரியரின் படமும் பிறந்த ஊரும் இருக்கும், ஐயம் தீர்ந்துவிடும். ஆனால் வன்னியில் நூலே இல்லை. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன என்பதை உலகம் அறியும். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளின் உத்தரவினால் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட 70,000க்கு மேற்பட்ட முஸ்லிம்களுள் முல்லைத்தீவின் நீராவிப்பிட்டி, ஹிஜ்ராபுரம், தண்ணீரூற்று மக்களும் இருந்தனர். புத்தளத்துக்குச் சென்றவர்கள் கையில் எடுத்துச் சென்ற பொதிகளில் கிதாபுகளுக்கும் குடும்ப ஏடுகளுக்கும் இடமிருந்திருக்குமா? 1996 இல் கிளிநொச்சி இடம்பெயர்ந்தது. 2008 இன் இறுதியிலும் 2009 இன் முதல் ஐந்து மாதங்களிலும் கிளிநொச்சியிலிருந்து முள்ளிவாய்க்கால் வரை நகர்ந்த மக்கள், ஒவ்வோர் இடப்பெயர்விலும் ஒரு பொதியைக் கைவிட்டார்கள். பாத்திரத்துக்கும் புத்தகத்துக்கும் இடையில் தெரிவு செய்ய நேர்ந்தபோது எது பதுங்குகுழியில் விடப்பட்டது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. வன்னி எழுத்தாளர்களுட் சிலரிடம் அவர்களுடைய சொந்த நூல்களின் பிரதியே இன்று இல்லை.

இவ்வாறு நூல் அழிந்த பின்னர் எஞ்சுவது எங்கோ ஒரு பட்டியலில் உள்ள ஒற்றை வரி மட்டுமே: நூற்பெயர், ஆசிரியர் பெயர், ஆண்டு. அந்த வரியில் ஆசிரியர் தவறாகப் பதிவானால் அதனைத் திருத்துவதற்கு ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் இல்லை. புகழ்பெற்ற ஒரு பெயருக்குள் புகழ்பெறாத ஒரு பெயர் கரைந்துபோவதே வழக்கமாக நிகழ்வது. சென்னைக்காரரின் கணக்கில் முல்லைத்தீவாரின் நூல் ஏறும். மறுதலையாக நிகழ்ந்ததை நாம் கண்டதில்லை. ஒருபெயருடையோர் சோதனைச் சாவடியில் பட்ட துன்பத்தை இந்த மண்ணில் அறியாதவர் இல்லை. யாரோ ஒருவரின் குற்றத்துக்கு அதே பெயருடைய வேறொருவர் பதில் சொல்ல நேர்ந்த காலம் அது. அங்கே பெயர் ஒற்றுமை ஆளைப் பிடித்துக்கொடுத்தது. இங்கே ஆளை மறைத்துவிடுகிறது.

இதற்கு நேரெதிரான குழப்பமும் உண்டு: ஒருவருக்குப் பல பெயர்கள். வன்னியில் இது சற்று அதிகம். குமரபுரத்திலிருந்து எழுதி 'பச்சை வயல் கனவு' நாவலால் கிளிநொச்சியின் குடியேற்ற வாழ்வைப் பதிவு செய்த தாமரைச்செல்வி, அந்தப் புனைபெயராலேயே அறியப்படுகிறார். வீட்டுப் பெயர் வேறு. பெண் எழுத்தாளர்கள் திருமணத்தின்பின் தந்தையின் முதலெழுத்தை விட்டுக் கணவரின் முதலெழுத்தை ஏற்கும்போது, பட்டியலில் ஒருவர் இருவராகிவிடுகிறார். முதல் நூல் ஒருத்தியுடையது, இரண்டாம் நூல் வேறொருத்தியுடையது என்று பதிவாகிறது. யுத்த காலத்தில் பாதுகாப்புக் கருதிப் பெயர் மாற்றி எழுதியவர்கள் தனி. அவர்களுட் சிலர் இன்றும் அப்பெயர்களை வெளிப்படுத்த விரும்பாமலிருப்பதை மதிக்கவேண்டும். எல்லா முடிச்சுகளையும் அவிழ்த்தே தீரவேண்டும் என்பதில்லை.

பரிகாரம் என்ன? பெரிய நூலகங்கள் ஒவ்வோர் ஆசிரியருக்கும் ஓர் அதிகாரபூர்வப் பதிவை வைத்திருக்கின்றன. பெயரோடு பிறந்த ஆண்டைச் சேர்ப்பதே அதன் எளிய வழி. இப்போது ஆசிரியர்களுக்கு 16 இலக்கங்கள் கொண்ட சர்வதேச அடையாள எண் வழங்கும் முறையும் நடைமுறையில் உள்ளது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் எந்த நூலகத்தின் தட்டிலும் இல்லாத ஒரு நூலின் ஆசிரியரைத் தேடிவந்து எண் வழங்க எவரும் முன்வரமாட்டார்கள். எனவே வேலை இங்கிருந்துதான் தொடங்கவேண்டும். அது தொடங்கியும் இருக்கிறது. நூலகவியலாளர் என். செல்வராஜா 2002 முதல் தொகுதி தொகுதியாக வெளியிட்டுவரும் 'நூல்தேட்டம்', ஈழத்து நூல்களைத் தொகுதிக்கு ஆயிரமாகக் குறிப்புரையுடன் பதிவு செய்கிறது. 2005 இல் தொடங்கிய 'நூலகம்' இணைய நூலகம் நூல்களையும் பத்திரிகைகளையும் படிமமாகவே காக்கின்றது. அட்டையே கண்முன் இருப்பதால் பதிவிலுள்ள பிழையை வாசகரும் கண்டு சொல்லலாம். ஒரு தனிமனிதரின் விடாமுயற்சியும் தன்னார்வலர்களின் உழைப்பும் செய்திருக்கும் இந்தக் காரியத்தை அரசாங்கத்தின் எந்தத் திணைக்களமும் இந்த அளவில் செய்ததாக நாம் அறியோம்.

எழுதுபவர்களும் பதிப்பிப்பவர்களும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. இன்று வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் வெளியிடப்படும் பல நூல்களை நாம் மதிப்புரைக்காகப் பெறுகின்றோம். வாழ்த்துரை, அணிந்துரை, ஆசியுரை என்று பத்துப் பக்கங்கள் போகின்றன. பிரதம விருந்தினரின் பட்டங்கள் ஒன்றுகூட விடுபடுவதில்லை. ஆனால் நூலாசிரியரின் முழுப்பெயர், தந்தை பெயர், பிறந்த ஆண்டு, ஊர், வேறு புனைபெயர்கள் என்ற ஐந்து விபரங்கள் பதிப்புத் தரவுப் பக்கத்தில் அநேகமாக இருப்பதில்லை. முஸ்லிம் எழுத்தாளராயின் தாம் விரும்பும் எழுத்துக்கூட்டல் எது என்பதையும், பெயரை எங்கே பிரிக்கக்கூடாது என்பதையும் அங்கேயே குறித்துவிடலாம். இதற்குப் பணம் வேண்டாம். ஐந்து வரிகள் போதும். பாடசாலை நூலகங்களில் பொறுப்பாக இருக்கும் ஆசிரியர்கள், தம் ஊர் முதியவர்கள் உயிரோடிருக்கும்போதே எந்த நூல் யாருடையது என்று கேட்டு எழுதிவைக்கலாம். முல்லைமணியின் நாடகத்தைத் தம் இளமையில் பார்த்தவர்கள் முள்ளியவளையில் இன்னும் இருக்கக்கூடும்.

அந்த மாணவிக்கு எமது பதில் இதுதான். பண்டாரவன்னியன் நாடகமும் நாவல்களும் முல்லைமணி வே. சுப்பிரமணியத்துடையவை, கலைஞர் மு. கருணாநிதி அதே வீரனைப் பற்றி எழுதிய 'பாயும் புலி பண்டாரக வன்னியன்' என்ற வேறொரு நூலும் உண்டு என்பதால், மேற்கோள் காட்டும்போது நூற்பெயரையும் கவனமாக எழுதுக. நாவலின் வரலாறும் தத்துவ நூலும் நா. சுப்பிரமணியனுடையவை, 'நா'வுக்குக் கால் உண்டு. இவ்விருவரும் உங்கள் ஊரவர். ஏனைய இருவரையும் ஒப்படையிலிருந்து நீக்கிவிடலாம். ஒப்படை முடிந்ததும் அதன் பிரதி ஒன்றை உங்கள் பாடசாலை நூலகத்தில் வைத்து, இன்னொன்றை எமக்கு அனுப்புங்கள். அட்டையில் உங்கள் பெயருடன் தந்தையார் பெயரையும் ஊரையும் பிறந்த ஆண்டையும் எழுதுங்கள்.